புல்லின் பூவை எவ்வளவு நம்பலாம்? புத்தளக் கரையோரத்திலிருந்து ஒரு பார்வை

கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயப் பாத்திக்குள் களை பிடுங்குகிறவர்களிடம் புல்லின் பெயரைக் கேட்டால், தயக்கமில்லாமல் வருவது இரண்டு மூன்றுதான். அறுகு, கோரை, காக்காய்க்கால். மற்றதெல்லாம் புல்லு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிடுங்கி வரப்பில் போடப்போவதற்குப் பெயர் எதற்கு? ஆனால் புல் வகைப்பாட்டின் சிக்கல் முழுவதும் இந்த மூன்று பெயருக்குள்ளேயே இருக்கிறது. கோரை புல்லே இல்லை. காக்காய்க்கால் என்று காட்டப்படுவது பல வேளைகளில் ஒரே புல்லும் இல்லை. தண்டின் நுனியில் விரல் விரித்தாற்போலக் கதிர் விடுகிற நாலைந்து புற்கள் அந்தப் பெயருக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. அறுகும் அப்படி விரல் விரிப்பதுதான். தரையோடு படர்வதால் அது தனிப்பெயர் பெற்றுத் தப்பித்தது.

இலையை வைத்துப் புல்லைப் பிரிக்க முயன்றால் சீக்கிரம் கை ஓய்ந்துவிடும். கிணற்றடி ஈரத்தில் கொழுத்துக் கொடி ஓட்டும் அதே அறுகு, உப்புப் பூத்த களப்போரத்தில் விரற்கடை உயரத்துக்கு மேல் எழும்பாது. மாடும் ஆடும் மேய்ந்த தரையில் எல்லாப் புல்லும் ஒரே உயரம், ஒரே முகம். தண்ணீருக்கும் உப்புக்கும் மேய்ச்சலுக்கும் எளிதில் வளைந்து கொடுக்காத உறுப்பு பூ. அதனால்தான் தாவரவியலாளர்கள் முந்நூறு ஆண்டுகளாகப் பூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மரபணுவை நேரடியாக வாசிக்கும் வசதி வந்த பிறகு அந்தப் பிடி எங்கே நிலைத்தது, எங்கே நழுவியது என்பது இன்று கேட்கத் தகுந்த கேள்வி. சிலாபத்தில் தொடங்கி உடப்பு, முந்தல், பாலாவி, கற்பிட்டி, வடக்கே கலா ஓயா களப்பைத் தொடும் கங்கேவாடி வரையுள்ள கரையில் வளரும் புற்களை வைத்தே இதற்குப் பெரும்பகுதி விடை சொல்லிவிடலாம். மணற்குன்று, உப்பளம், கைவிட்ட இறால் தொட்டி, கண்டல் ஓரம், தென்னந்தோப்பு, வில்பத்துக் காட்டோரத்து வில்லு என்று சில மைல் தூரத்துக்குள் நிலம் இத்தனை முறை மாறுகிற இடம் நம் தீவில் அதிகமில்லை.

முதலில் எது புல் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல் வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் சிலாபத்துத் தென்னந்தோப்பும் கற்பிட்டிப் பனையும் புல்தான். சிரிப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: ஒருவித்திலைத் தாவரம் என்று இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிரிவுக்கு அது எவ்வளவு அருகில் நிற்கிறது! தண்டை வெட்டிப் பார்த்துச் செய்த வகைப்பாடு அது. பூவுக்கு அதில் வேலையில்லை.

இன்றைய கணக்கில் புல் என்பது ஒரே ஒரு குடும்பம். 2017இல் ராபர்ட் சோரெங்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட தொகுப்பின்படி அதில் 12 உபகுடும்பங்கள், 768 சாதிகள், 11,506 இனங்கள். கோரையும் பன்பாய் இழைக்கிற பன்னும் இதற்குள் வராது. கோரையின் தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று மூலை தட்டுப்படும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டை, கணுவுக்குக் கணு இடையில் உள்ளீடற்றது. பூவிலோ வேறுபாடு இன்னும் தெளிவு. கோரைப் பூவுக்கு ஒரே ஒரு செதில்தான் காப்பு. புல்லின் பூவை இரண்டு செதில்கள் எதிரெதிராக நின்று மூடும். குளக்கரைச் சம்பு இரண்டிலும் சேராது. அது வேறு குடும்பம்.

அந்த இரண்டு செதில்கள் நமக்குப் புதியவையல்ல. நெல்லைக் குத்தும்போது உமி என்று புடைத்துத் தள்ளுவது அவற்றைத்தான். ஒரு நெல்மணியை நகத்தால் பிளந்தால் உமி இரண்டு துண்டாக வரும். பெரியது கீழ்ச்செதில், அதன் விளிம்புக்குள் பூட்டிக்கொண்டிருக்கிற ஒடுங்கியது மேற்செதில். சில நெல்லில் வால் என்று நீள்வது கீழ்ச்செதிலின் நுனி. பூக்கிற நாளில் இந்த இரண்டுக்கும் நடுவில் கேசரங்களும், இறகு போன்ற இரண்டு குறிகள் கொண்ட சூலகமும் இருக்கும். இவற்றோடு, வெறுங்கண்ணுக்கு எளிதில் படாத இரண்டு தடித்த சிறு மடல்களும் அடியில் உண்டு. முற்பகல் வெயிலில் அவை தண்ணீரை உறிஞ்சி வீங்கி உமியைப் பிரித்துவிடும். கேசரங்கள் வெளியே தொங்கும், காற்று மகரந்தத்தை அள்ளிப் போகும், மடல்கள் வாடும், உமி மறுபடி மூடிக்கொள்ளும். எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. அந்த மடல்கள் எதன் மிச்சம் என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லில் 'சூப்பர்வுமன்' என்று பெயரிட்ட ஒரு மரபணுவைப் பற்றி எழுதினார்கள். அது பழுதானால் கேசரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சூல்வித்திலைகள் முளைக்கின்றன. அந்த மடல்கள் மேற்செதில் போல மாறிவிடுகின்றன. மற்றப் பூக்களில் அல்லியையும் கேசரத்தையும் உருவாக்குகிற மரபணுக் கூட்டத்தைச் சேர்ந்தது அது. ஆக, புல்லுக்கும் அல்லியிதழ் உண்டு. அதன் வேலைதான் மாறிவிட்டது.

இப்படியான பூ ஒன்றோ பலவோ ஒரு குட்டி அச்சில் அமர்ந்து, அடியில் பூவில்லாத இரண்டு வெறுஞ்செதில்கள் அணைத்திருந்தால் அது ஒரு சிறுகதிர். புல் வகைப்பாட்டின் அலகு இதுதான். தனிப்பூவும் அல்ல, முழுக்கதிரும் அல்ல. ஆனால் பாடம் தொடங்க நெல் அவ்வளவு நல்ல உதாரணமல்ல. அதன் வெறுஞ்செதில்கள் அடியில் இரண்டு சிறு விளிம்பாகத் தேய்ந்துபோயின. உமிக்கு அடியில் ஊசி போல் தெரிகிற இரண்டு குட்டிச் செதில்கள் பூவை இழந்துவிட்ட கீழ்ச்செதில்கள். மற்றப் பெரும்பாலான புற்களுக்கு மூன்று கேசரம் இருக்க, நெல்லுக்கு ஆறு. நாம் தினமும் உண்கிற புல், தன் குடும்பத்தில் ஒரு விதிவிலக்கு.

லின்னேயஸ் விழுந்த குழியும் இங்கேதான். 1670களில் ஒல்லாந்துக் கம்பனியின் மருத்துவராகக் கொழும்பில் இருந்த பவுல் ஹெர்மன் நம் தீவின் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தார். அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகு அந்தத் தொகுதி லின்னேயஸின் கைக்குப் போனது. 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூலுக்கு அதுவே ஆதாரம். தொகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லின்னேயஸின் முறை எண்ணிக்கை முறை: கேசரம் எத்தனை, தம்பம் எத்தனை, ஆண்பூவும் பெண்பூவும் சேர்ந்தா தனித்தா. மூன்று கேசரம், இரண்டு தம்பம் என்ற பெட்டிக்குள் பெரும்பாலான புற்கள் போயின. நெல் ஆறு கேசரப் பெட்டிக்குப் போனது. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாக இருப்பதால் சோளன் இன்னொன்றுக்கு. இருபாற்பூவோடு ஆண்பூவும் கலந்திருப்பதால் நம் ஊசிப்புல் வேறொன்றுக்கு. ஒரு குடும்பம் பல வீட்டில் சிதறியது. 1753இல் அவர் அறுகுக்குக் கொடுத்த பெயர் பானிக்கம் டாக்டிலோன், அதாவது சாமையின் சாதி. காக்காய்க்காலையும் காட்டுக் குரக்கனையும் சைனோசூரஸ் என்ற ஐரோப்பியப் புல்லோடு சேர்த்தார். பக்கத்துப் பக்கத்தில் முளைக்கிற உறவுக்காரர்கள் இப்படிப் பிரிந்தார்கள்.

இதைச் சீராக்கியவர் ராபர்ட் பிரவுன். ஆஸ்திரேலியக் கரையைச் சுற்றிய பயணத்தில் திரட்டிய புற்களை வைத்துக்கொண்டு, 1810இலும் 1814இலும் எழுதியவற்றில் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கேட்டார்: சிறுகதிருக்குள் எந்தப் பூ நலிந்திருக்கிறது? ஒரு சாராருக்குச் சிறுகதிரில் இரண்டு பூ. கீழ்ப்பூ நலிந்து மேற்பூ மட்டும் மணி பிடிக்கும். மறு சாராருக்கு நலிவு மேலே, நுனியில். கீழ்ப்பூ தவறாமல் மணி பிடிக்கும். நாம் சாமை, தினை, கரும்பு, சோளன் என்று சொல்வதெல்லாம் முதல் சாரி. குரக்கன், அறுகு, கோதுமை எல்லாம் இரண்டாவது. புல்லைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியங்களில் இதைவிடக் கூர்மையானது இன்னும் எழுதப்படவில்லை என்பேன்.

அதற்குப் பிறகு வந்தவர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பெந்தம் 1881இலும் 1883இலும் உலகப் புற்சாதிகளை ஒழுங்குபடுத்தினார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி டிரைமன் இலங்கைத் தாவரக் கைநூலை 1893இல் தொடங்கி, முடிக்காமல் 1896இல் காலமானார். புற்கள் வருகிற ஐந்தாம் பாகத்தை ஜோசப் ஹூக்கர் எழுதி 1900இல் வெளியிட்டார். 1956இல் சேனாரத்தினவின் இலங்கைப் புற்கள் நூல் பேராதனையிலிருந்து வந்தது. நான்கு ஆண்டு கழித்து பர்மா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் புற்கள் அனைத்துக்குமாக நார்மன் போர் எழுதிய பெருநூல். டிரைமனின் கைநூலைத் திருத்தி எழுதிய வரிசையில் எட்டாம் தொகுதி, 1994இல், புற்களுக்காகவே வந்தது. கியூ தோட்டத்து டெரிக் கிளேட்டன் அதன் முதன்மை ஆசிரியர்களில் ஒருவர். இவை எல்லாம் சிறுகதிரை வைத்தே இனங்காணும் திறப்புச் செய்த நூல்கள். பெரும்பாலானவை ஆங்கிலத்தில்.

இனிக் காக்காய்க்காலுக்கு வருவோம். நுரைச்சோலை வீதியோரத்து மணலில் மாரி முடிகிற நாட்களில் ஐந்து புற்கள் விரல் விரித்து நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றும் ஒரு தையலூசியும் போதும்.

அறுகின் விரல் மெல்லியது. விரலின் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு வரிசையாகச் சிறுகதிர்கள். ஒவ்வொன்றும் பக்கவாட்டில் நசுங்கி, உள்ளே ஒரே ஒரு பூ. உண்மையான காக்காய்க்கால், டாக்டிலோக்டேனியம் ஈஜிப்டியம், குட்டையான தடித்த விரலோடு நிற்கும். சிறுகதிரில் மூன்று நான்கு பூக்கள். மேல் வெறுஞ்செதிலின் முதுகிலிருந்து நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு முள் வளைந்து வரும். விரலின் நுனியைத் தனியாகப் பார்க்க வேண்டும்: சிறுகதிர் எதுவும் இல்லாமல் அச்சு மட்டும் வெறும் கூராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், காகத்தின் நகம் போல. பக்கத்தில் நிற்கும் காட்டுக் குரக்கனுக்கு, எலுசைன் இண்டிகாவுக்கு, அந்த நகம் இல்லை. விரல் சிறுகதிரோடுதான் முடியும். நாம் பிட்டும் களியும் செய்கிற குரக்கனுக்கு மிக நெருங்கிய உறவு இது. பயிர்க் குரக்கனின் நிறமூர்த்தங்களில் ஒரு பாதி இந்தக் களையின் வழியில் வந்தது. நான்காவது குளோரிஸ் பார்பேட்டா. ஊதா ஓடிய விரல்கள், தொட்டால் மென்மை. சிறுகதிரில் ஒரு நல்ல பூ, அதற்கு மேல் இரண்டு வெற்றுப் பூ. மூன்றின் கீழ்ச்செதிலிலிருந்தும் ஒவ்வொன்றாக மூன்று மீசை.

ஐந்தாவது டிஜிட்டேரியா. தூரத்தில் பார்த்தால் அறுகின் பெரிய தம்பி. ஊசியால் ஒரு சிறுகதிரைக் கழற்றிக் கண்ணாடித் துண்டில் போட்டால் கதை மாறும். மற்ற நான்கும் பக்கவாட்டில் விழும், நடு முதுகு விளிம்பாக நிற்கும். இது முதுகுப்புறமாகத் தட்டையாகி மல்லாந்து கிடக்கும். இரண்டிரண்டாக, ஒன்று குட்டைக் காம்பில், ஒன்று நெட்டைக் காம்பில். கீழ் வெறுஞ்செதில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அளவு சிறியது. உள்ளே இரண்டு பூவுக்கான செதில்கள். கீழ்ப்பூ வெறுமை, மேற்பூவில் மணி. பிரவுனின் முதல் சாரி! முற்றியதும் சிறுகதிர் முழுதாக உதிரும், சாமையைப் போல. காட்டுக் குரக்கனிலோ வெறுஞ்செதில்கள் செடியிலேயே தங்கிவிட, பூக்கள் மட்டும் உதிர்கின்றன.

மரபணு ஆய்வு பிரவுனின் பக்கம் நின்றது. டிஜிட்டேரியா சாமைக் கூட்டமான பானிக்கோய்டேயில். மற்ற நான்கும் குளோரிடோய்டே என்ற உபகுடும்பத்தில். விரல் விரிப்பு இரண்டு கூட்டத்திலும் தனித்தனியாகத் தோன்றிய வடிவம். ஓர் உட்திருத்தமும் வந்தது. பூ நிரம்பிய சிறுகதிரைப் பார்த்து, காக்காய்க்காலும் காட்டுக் குரக்கனும் உடன்பிறப்புகள் என்றே தாவரவியலாளர்கள் எண்ணியிருந்தார்கள். பால் பீட்டர்சனும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட மரபணு மரத்தில் காட்டுக் குரக்கன், அறுகு, குளோரிஸ் மூன்றும் ஒரு கிளையில் போய் அமர்ந்தன. காக்காய்க்கால் தனிக் கிளை. வெறும் கூராக நீட்டிக்கொண்டிருந்த அந்த நகத்தை முன்னமே இன்னும் மதித்திருக்கலாம்.

இந்தக் கூர் என்ற சங்கதியைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது; இந்தக் கரையோரத்துப் புற்களில் குத்தாதது குறைவு. கடலோர மணற்குன்றின் அரசன் இராவணன் மீசை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியில் கற்றை கற்றையாகக் கதிர். பெண் செடியில் தலையளவு முட்பந்து. முற்றியதும் பந்து கழன்று காற்றில் மணல்மேல் உருண்டு ஓடும். ஓடுகிற வழியில் மணிகள் உதிர்ந்து மணலுக்குள் போகும். 1768இல் நிக்கோலாஸ் பர்மன் இதை ஸ்டிப்பா என்ற மீசைப்புல் சாதிக்குள் சேர்த்தார். பந்தின் நீண்ட ஊசிகளை மீசை என்று எண்ணினார் போலும். 1771இல் லின்னேயஸ் ஸ்பினிஃபெக்ஸ் என்ற புதுச் சாதியை உண்டாக்கினார். 1912இல் மணிலாவிலிருந்த எல்மர் மெரில் இரண்டையும் சேர்த்து ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் என்ற இன்றைய பெயரைத் தந்தார். பந்திலிருந்து ஓர் ஊசியைப் பிடுங்கி அடியைப் பார்த்தால் பர்மன் எங்கே தவறினார் என்பது விளங்கும். ஊசியின் அடியில் ஒரே ஒரு சிறுகதிர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசி செதிலின் நீட்சி அல்ல, கதிரின் அச்சு. காக்காய்க்காலின் நகமும் அதுவே. அங்கே சில மில்லிமீற்றர், இங்கே சாண் கணக்கு.

கொழுக்கட்டைப்புல்லின் முள்ளும் மயிரும் மூன்றாவது வகை: அவை மலடான கிளைகள், சிறுகதிரைச் சுற்றி வேலியாக நிற்பவை. மணல் வெளியில் பூச்சட்டி துலக்கும் தூரிகை போல் சிவந்து நிற்கிற பெரோட்டிஸ் இண்டிகாவின் ஊசி வெறுஞ்செதிலிலிருந்து வருகிறது. குளோரிஸிலும் ஊசிப்புல்லிலும் அரிஸ்டிடாவிலும் கீழ்ச்செதிலிலிருந்து. துடைப்பம் கட்டுகிற அரிஸ்டிடாவில் ஒரே கீழ்ச்செதில் மூன்று மீசையாகப் பிரியும். ஊசிப்புல்லின் கரிய மீசைக்கு வேறு குணம். நனைந்தால் முறுக்கு அவிழும், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், அந்தச் சுழற்சியில் மணி மண்ணுக்குள் துளைத்து இறங்கும். சாரத்தின் மடிப்பிலும் அதே போல இறங்கும்.

பார்வைக்கு எல்லாம் ஊசி. பிறப்பிடம் நான்கு: அச்சு, கிளை, வெறுஞ்செதில், கீழ்ச்செதில். எது எதிலிருந்து முளைத்தது என்று கேட்டு வகுத்தவர்களின் பிரிவுகள் பெரும்பாலும் மரபணு மரத்தில் இடம் மாறாமல் நிற்கின்றன. இராவணன் மீசை கொழுக்கட்டைப்புல்லின் கூட்டத்தில்தான் விழுந்திருக்கிறது, இன்னொரு முட்கூட்டம் என்பதால் அல்ல, அதன் சிறுகதிர் சாமையின் சிறுகதிர் என்பதால்.

நம்பிக்கை உடைந்த இடம் வேறு. அது உறுப்பு இழந்த புற்களில்.

கற்பிட்டிக் கடற்கரையில் இராவணன் மீசைக்குப் பின்னால் கம்பளம் விரித்தாற்போலக் கிடக்கும் குட்டைப் புல் சோய்சியா மாட்ரெல்லா. உல்லாச விடுதிகளின் புற்றரையிலும் அதன் வகைகள்தான் கிடக்கின்றன. சிறுகதிரில் ஒரே பூ. கீழ் வெறுஞ்செதில் இல்லவே இல்லை. மேல் வெறுஞ்செதில் தோல் போலத் தடித்துப் பூவை முழுக்க மூடிக்கொள்ளும். மேற்செதிலும் பல வேளை காணாது. முற்றினால் சிறுகதிர் முழுதாக உதிரும். பெரோட்டிஸிலும் ஒரே பூ, உள்செதில்கள் கண்ணாடித் தாள் போல மெலிந்தவை, சிறுகதிர் முழுதாக உதிரும். 1986இல் கிளேட்டனும் ரென்வாய்ஸும் உலகப் புற்சாதிகளை வகுத்தபோது இந்த இரண்டையும் ஒரே உட்கூட்டத்தில் வைத்தது நியாயமாகவே பட்டது. களப்போரத்துச் சேற்றிலும் உப்பளத்து வரம்பிலும் உமிரியோடு கலந்து நிற்கும் ஸ்போரோபோலஸ் விர்ஜினிகஸுக்கும் ஒரே பூதான். ஆனால் அதில் செதில்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, சிறுகதிர் முழுதாக உதிர்வதில்லை. இந்தச் சாதியின் மணியில் தோல் விதையோடு ஒட்டுவதில்லை. நனைந்ததும் வழவழத்து வீங்கி விதையைப் பிதுக்கிவிடும். அதனால் அதை வேறொரு தூரத்துக் கூட்டத்தில் போட்டார்கள்.

மரபணு இதைத் தலைகீழாக்கியது. சோய்சியாவுக்கு நெருங்கிய உறவு ஸ்போரோபோலஸ். பெரோட்டிஸ் அவற்றிலிருந்து விலகிய வேறொரு கிளை. பூக்கள் குறைந்து ஒன்றானதும், செதில்கள் மெலிந்ததும், முழுதாக உதிரப் பழகியதும் இரண்டு கிளைகளிலும் தனித்தனியே நடந்தவை. ஒரு மீசையைப் பார்த்து அது எதிலிருந்து வந்தது என்று கேட்க முடியும். இல்லாத செதிலைப் பார்த்து அது எப்படிப் போனது என்று எப்படிக் கேட்பது? பூவை வைத்துச் செய்த வகைப்பாட்டில் இருப்பதைக் கொண்டு வகுத்தது தப்பித்தது, இல்லாததைக் கொண்டு வகுத்தது அகப்பட்டுக்கொண்டது என்பதே இந்தக் கரைப் புற்களிலிருந்து எனக்குத் தெரிகிற கணக்கு. பிரவுனின் இரண்டு சாரிக்கு நேர்ந்ததும் அதுதான். கீழ்ப்பூ நலிந்து மேற்பூ மணி பிடிப்பது என்ற குறிப்பான அமைப்பைக் கொண்ட முதல் சாரி இன்று பானிக்கோய்டே என்ற பெயரில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மிச்சமெல்லாம் என்ற வகையில் சேர்ந்த இரண்டாம் சாரி பல துண்டாகிவிட்டது. அறுகும் குரக்கனும் கோதுமையைவிடச் சாமைக்கே நெருக்கம். கோதுமையும் நெல்லும் மூங்கிலும் வேறு பெருங்கிளை.

அளவை வைத்துப் போட்ட எல்லைகளும் நிலைக்கவில்லை. சிறுகதிரைச் சுற்றிய மயிர்கள் தனித்தனியாக இருந்தால் பென்னிசெட்டம், அடியில் ஒட்டி முட்கிண்ணம் ஆனால் செங்க்ரஸ் என்று நூல்கள் பிரித்தன. எவ்வளவு ஒட்டினால் ஒட்டியது? கொழுக்கட்டைப்புல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நூலுக்கு நூல் தாவியது. 2010இல் கெமிஸ்க்கியும் கூட்டாளிகளும் பென்னிசெட்டத்தை முழுதாகச் செங்க்ரஸுக்குள் கரைத்துவிட்டார்கள். கம்புகூட இப்போது செங்க்ரஸ்தான். தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்டு வீதியோரமெல்லாம் ஆள் உயரத்துக்கு நிற்கிற கினியாப் புல்லின் கதையும் சுவையானது. பானிக்கம் மாக்ஸிமம் என்று 1781 முதல் இருந்தது 1987இல் யூரோகுளோவா ஆனது, 2003இல் மெகாதிர்சஸ் ஆனது. கோடையில் அது பற்றி எரியும்போது தீயணைக்க ஓடுகிறவர்களுக்கு இதில் எந்த மாற்றமும் இல்லை.

பெயர் மாற்றம் சிலருக்குக் கோபமும் மூட்டியிருக்கிறது. 2014இல் பீட்டர்சன் குழுவினர், அத்திலாந்திக் உவர்ச்சேற்றின் புகழ்பெற்ற ஸ்பார்ட்டினாவை ஸ்போரோபோலஸுக்குள் சேர்த்தார்கள். சூழலியலாளர்கள் பலர் சேர்ந்து, ஸ்பார்ட்டினா என்ற பெயரே இருக்கட்டும் என்று 2019இல் எழுதினார்கள். கதிரைப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் கட்சி நடுவில் நிற்கிறது. உறவு காட்ட மரபணு மரம் போதும். ஆனால் மணலில் குனிந்து நின்று அடையாளம் காண்பவருக்குக் கையில் கிடைப்பது சிறுகதிர் ஒன்றுதான். கண்ணால் காணக்கூடிய ஒரு குறியும் இல்லாத சாதிக்கு நூலில் திறப்பு எழுத முடியாது. மரபணு மரம் சொல்வதை ஏற்றுக்கொண்டு, பிறகு அதற்குப் பொருந்துகிற பூக்குறியைத் தேடிப் பிடிப்பதே இன்று செய்ய வேண்டிய வேலை. காக்காய்க்காலின் நகம் அப்படிக் கிடைத்த குறி.

நடைமுறைச் சிக்கல் பருவம். இந்தக் கரைக்கு மழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பெரும்பாலான ஓராண்டுப் புற்கள் அதையொட்டியே கதிர் விடுகின்றன. உடப்புத் தீமிதியும் தலவில அன்னம்மாள் திருவிழாவும் வருகிற ஆகஸ்ட்டில், சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும்போது, கதிருள்ள புல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கதிர் விடுகிற மாதங்களிலும் மாடும் கட்டாக்காலிக் கழுதையும் முந்திக்கொள்ளும். வேலியடைத்த மையவாடிகளும் கோயில் வளவுகளும் இந்தக் காரணத்தால் புல் படிக்கிறவருக்கு நல்ல இடம். அங்கே பூ தப்பியிருக்கும்.

பூ தப்பியிருந்தும் உதவாத ஒரு புல் இதே மாவட்டத்தில் உண்டு. வறண்ட வலயத்தில், மழைக்கு நீர் தேங்கிக் கோடையில் வற்றுகிற தரைகளில் வளரும் காட்டு நெல் ஒன்றை டங்கன் வாகன் 1990இல் ஒரைசா ரைசோமாட்டிஸ் என்று புது இனமாக அறிவித்தார். உலகில் இலங்கையில் மட்டும் உள்ளது. புத்தளம் மாவட்டமும் அதன் இடங்களில் ஒன்று. அதுவரை அது ஒரைசா ஒஃபிசினாலிஸ் கூட்டத்தின் மற்ற நெல்களோடு கலந்தே கிடந்தது. அதே ஆறு கேசரம், அதே தேய்ந்த வெறுஞ்செதில், அதே பூட்டிய உமி. நிழற்காடுகளில் வளர்கிற, ஆப்பிரிக்காவிலும் உள்ள ஒரைசா ஐக்கிங்கெரியிலிருந்து அதைப் பிரிக்கிற முக்கியக் குறி மண்ணுக்கடியில் இருக்கிறது: கோடையைத் தாண்டவைக்கும் தடித்த வேர்த்தண்டு. அரிவாளால் கதிரை மட்டும் அறுத்து எடுத்து வந்து தாளில் ஒட்டினால் அந்தக் குறி மண்ணிலேயே தங்கிவிடும். இந்தக் காட்டு நெல்லைச் சேகரிக்கப் போகிறவர் கைவில்லையோடு ஒரு மண்வெட்டியும் கொண்டுபோக வேண்டும்.